யூடியூப் மட்டும் வராது

2014, 2015 வாக்கில் எங்கள் பக்கத்து ரீசார்ஜ் கடைகளில் கையால் எழுதிய ஓர் அட்டை தொங்கும். ஃபுல் டாக்டைம், ரேட் கட்டர் என்ற வரிகளுக்குக் கீழே நெட் பேக்குகள். அதில் இரண்டு ஜாதி. எல்லாவற்றுக்குமான நெட் பேக் ஒன்று. மாதத்துக்கு 1 ஜிபி, விலை கூடுதல். இன்னொன்று வாட்ஸ்அப்புக்கு மட்டும், ஃபேஸ்புக்குக்கு மட்டும் என்று தனித்தனியாகப் பிரித்து விற்றது. அது சல்லிசு. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளில் வேலை பார்த்த முக்கால்வாசிப் பேர் அந்தச் சல்லிசுப் பேக்கைத்தான் போட்டுக்கொண்டார்கள்.

"வாட்ஸ்அப் பேக்கே போட்டுக்கங்கக்கா. போட்டோ வரும், வாய்ஸ் வரும், சின்ன வீடியோ வந்தாலும் பார்த்துக்கலாம். யூடியூப் மட்டும் வராது" என்று காரைக்குடியில் ஒரு கடைத் தம்பி என்னிடம் சொன்னான். அவன் தெரிந்ததை நேர்மையாகச் சொன்னான். "மட்டும்" என்று அவன் சொன்ன அந்த ஒன்று எங்களுக்கு எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நான் அந்த வருடங்களில் சித்தப்பாவின் டைல்ஸ் பட்டறையில் கணக்கு எழுதினேன். கணக்கு எழுதுவது என்றால் போன் எடுப்பதும் நான்தான், பில் போடுவதும் நான்தான், லாரி செட்டுக்குப் பேசுவதும் நான்தான். ஆத்தங்குடிக் கல்லைத் தேடி சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் என்று எங்கிருந்தோ பேசுவார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பட்டாலையிலும் வளவிலும் அதைப் பார்த்தவர்கள், பத்திரிகையில் படம் பார்த்தவர்கள், ஏதோ ஒரு சினிமாவில் பார்த்தவர்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எப்படிச் செய்றாங்கன்னு ஒரு வீடியோ அனுப்ப முடியுமா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் கல் சூளையில் சுடுவதில்லை, மெஷினில் அழுத்துவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் டிசைன் அச்சை இறக்கி, குழம்புப் பதத்தில் கரைத்த சாயச் சிமென்ட்டைக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். பிறகு அச்சை மேலே தூக்க வேண்டும். கை ஒரு நூல் ஆடினாலும் மஞ்சள் பச்சையில் ஏறிவிடும். தூக்கிய பிறகு உலர்ந்த மணல் சிமென்ட் கலவையைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் போட்டுச் சமன் செய்வார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஊறவைப்பார்கள். கண்ணாடியில் இருந்து பிரியும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் ஏறியிருக்கும். அந்த அச்சைத் தூக்குகிற ஒரு கணத்தை எத்தனை பக்கம் எழுதினாலும் சொல்ல முடியாது, பார்க்கத்தான் வேண்டும்.

செய்வதைக் காட்டுவதைவிட, பதிப்பதைக் காட்டுவதுதான் எங்களுக்கு அவசரமாக இருந்தது. வெளியூர்க் கொத்தனார்களுக்கு விட்ரிஃபைட் டைல்ஸும் கிரானைட்டும் பழக்கம். வேலை முடிந்ததும் தரையில் ஒட்டியிருக்கும் சிமென்ட் கறையை ஆசிட் ஊற்றித் தேய்த்து எடுப்பார்கள். விட்ரிஃபைட் அதைத் தாங்கும். எங்கள் கல் சிமென்ட். ஆசிட் பட்டால் மேல் முகம் பொரிந்து, சாயம் வெளுத்துப்போகும். தண்ணீர், துணி, அப்புறம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், இது போதும். இதைப் போனில் சொன்னால் "சரிங்க, சரிங்க" என்பார்கள். கண்ணால் பார்த்தால்தான் கை கேட்கும்.

அதனால் சித்தப்பாவே ஒரு நாள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கலவை போடுவதில் இருந்து துணியால் துடைப்பது வரை செய்துகாட்ட, நான் போனில் பிடித்தேன். வாட்ஸ்அப்பில் அப்போது 16 எம்பிக்கு மேல் வீடியோ போகாது. துண்டு துண்டாக வெட்டி அனுப்பினால் எது முதல், எது பின் என்று பார்ப்பவருக்குக் குழம்பும். யூடியூபில் ஏற்றிவிட்டு லிங்க் அனுப்புவது என்று முடிவு செய்தோம். ஏற்றுவதே பெரும்பாடு. செட்டிநாட்டு வீட்டுச் சுவர் மொத்தம். உள்ளே டவர் எடுக்காது. பக்கத்தில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் சொல்லி, மொட்டை மாடியில் போனை வைத்துவிட்டு வந்தேன். ராத்திரி வைத்தது விடியற்காலையில் ஏறி முடிந்திருந்தது. சித்தப்பாவுக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். "இனி ஊர் ஊராப் போயி சொல்ல வேண்டாத்தா" என்றார்.

கோயம்புத்தூரில் ஒரு வீட்டுக்குக் கல் போனது. வளவு மாதிரி ஒரு நடுக்கூடம். நடுவில் பெரிய பூ, சுற்றிலும் பார்டர். ஓனருக்கும் கொத்தனாருக்கும் லிங்க் அனுப்பினேன். ஓனர் ஆபீஸில் இருந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டார். கொத்தனார் பெயருக்குப் பக்கத்திலும் டிக் விழுந்தது. சில வாரம் கழித்து ஓனர் ஒரு போட்டோ அனுப்பினார். பூவின் சிவப்பு, செங்கல் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியதுபோல் திட்டுத் திட்டாக வெளிறி இருந்தது. பார்டரின் கறுப்பு சாம்பலாகி இருந்தது. சித்தப்பா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, "ஆசிட்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். மறைக்கவில்லை.

"லிங்க் வந்துச்சுங்க மேடம். தொட்டா ஓப்பனே ஆகலீங்க. நம்முளுது வாட்ஸ்அப் பேக்குங்க. ஒருக்கா தொட்டதுக்கே பேலன்ஸ்ல இருந்து காசு போயிருச்சுங்க. அப்பறம் நான் தொடவே இல்லீங்க."

அவர் சொன்னதன் உள்கணக்கு இதுதான். லிங்க் வாட்ஸ்அப்பில் வந்தது; அது பேக்குக்குள் அடங்கும். அதைத் தொட்டதும் போன் வாட்ஸ்அப்பை விட்டு வெளியே போகிறது. அங்கே பேக் செல்லாது, மெயின் பேலன்ஸில் கை வைக்கும். பேக் இல்லாத 2ஜிக்கு அன்றைக்கு 10 கேபிக்கு 10 பைசா என்றெல்லாம் விலை இருந்தது. ஒரு எம்பிக்கு 10 ரூபாய். எங்கள் வீடியோ 25 எம்பிக்கு மேல். சித்தப்பா துணியால் துடைத்துக் காட்டுகிற இடம் வரை அவர் பார்த்திருந்தால் 250 ரூபாய் கரைந்திருக்கும். ஒரு கொத்தனாருக்கு அது அரை நாள் கூலிக்குக் கிட்ட. பார்க்காமல் விட்டதற்கு அவரை எப்படிக் குற்றம் சொல்ல? கல்லைச் சித்தப்பாதான் மாற்றிக்கொடுத்தார். ஆத்தங்குடிப் பேர் கெட்டுவிடக் கூடாது என்றார்.

முழு நெட் பேக் வைத்திருந்த எனக்கும் பெரிய விடுதலை இல்லை. "அன்லிமிடெட்" என்று விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். சொன்ன அளவு தீர்ந்ததும் வேகத்தை வெட்டிவிடுவார்கள். 64 கேபிபிஎஸ். அதாவது ஒரு நொடிக்கு 8 கேபி. 10 எம்பி வீடியோ ஒன்று வந்துசேர இருபது நிமிஷத்துக்கு மேல். வாட்ஸ்அப் எழுத்து போகும்; மெயில் முக்கி முனகி வரும்; யூடியூப் தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருமுறை புகார் எண் 198-க்கு அடித்தேன். "மேடம், உங்க பேக் இன்னும் ஆக்டிவ்லதான் இருக்கு" என்றது அந்தப் பக்கம். வீடியோ ஓடவில்லை என்றேன். "நெட் ஓடுதுல்ல மேடம்?" என்று கேட்டாள் அந்தப் பெண். ஓடுகிறது என்றேன். "அப்ப கம்ப்ளைன்ட் எடுக்க முடியாது மேடம்." அவள் குரலில் சலிப்புகூட இல்லை, எதிரே திரையில் எழுதியிருந்ததை வாசித்தாள். காசு கொடுத்து வாங்கிய ஒன்று எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று முடிவு செய்கிற இடம் எங்கோ இருந்தது. அங்கே என் குரல் போய்ச்சேர எந்த எண்ணும் இல்லை என்பது அன்றைக்கு உறைத்தது.

அதே சமயத்தில் பேப்பரில் நெட் நியூட்ராலிட்டி, அதாவது எல்லாத் தளங்களையும் ஆப்களையும் நெட்வொர்க் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற பேச்சு அடிபடத் தொடங்கியது. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியாகப் பேசுகிற ஆப்களுக்கு நெட் பேக் பொருந்தாது, தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் பின்வாங்கியது. 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கின் இன்டர்நெட் டாட் ஆர்க் இந்தியாவுக்கு வந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று; தமிழிலும் வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தளங்கள் இலவசம். கிராமத்து ஏழைக்கு இணையம் என்று சொன்னார்கள். அந்த மே மாதம் அதில் சேர விரும்பும் தளங்களுக்கு விதிகள் வெளியிட்டார்கள். வீடியோ கூடாது, இணைய அழைப்பு கூடாது, கனமான படங்கள் கூடாது. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. கிராமத்து ஏழைக்கு என்று சொல்லிக் கட்டிய வாசலில், அவனுக்கு மிகவும் வேண்டிய ஒன்றை முதலில் வெளியே நிறுத்திவிட்டார்கள். எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தடுமாறுகிற ஆள்தானே வீடியோ பார்த்துக் கற்பான்? எங்கள் பட்டறையில் நல்ல கைவேலைக்காரர்கள் பலர் பள்ளிக்கூடம் முடிக்காதவர்கள். ஒரு கட்டுரையை அவர்கள் முன்னால் வைத்தால் நகர்த்திவிடுவார்கள்; வேறொருவர் அச்சைத் தூக்குகிற வீடியோவை வைத்தால் பத்து முறை திருப்பிப் போட்டுப் பார்த்து, "மணிக்கட்டைப் பாருங்கக்கா" என்று எனக்கே காட்டுவார்கள்.

ஒன்றுமே இல்லாததற்கு ஏதோ கொஞ்சம் இலவசமாகக் கிடைப்பது நல்லதுதானே என்று அப்போது பலர் கேட்டார்கள். எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் கோயம்புத்தூர்த் தரையைப் பார்த்தவளுக்குப் பதில் தெரியும். எதைப் பார்க்கலாம் என்று கம்பெனி பட்டியல் போட்டால், அந்தப் பட்டியலில் இருப்பவன் பிழைப்பான். ஆத்தங்குடியில் ஒரு சின்னப் பட்டறை ஏற்றிய வீடியோ எந்தப் பட்டியலிலும் ஏறாது.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. 2009-இல் அமெரிக்காவில், வீட்டு டிவியை ஐபோனில் பார்க்க உதவும் ஸ்லிங்பிளேயர் ஆப்பை ஏடி அண்ட் டி தன் 3ஜியில் ஓட விடவில்லை. வைஃபையில் மட்டும் பார்த்துக்கொள் என்றது. மறு வருடம் பிப்ரவரியில்தான் இறங்கிவந்தது. 2015 நவம்பரில் டி-மொபைல் அங்கே சில வீடியோ ஆப்களுக்கு டேட்டா கழியாது என்று திட்டம் போட்டு, எல்லா வீடியோவையும் ஏறக்குறைய 480பி தரத்துக்கு இறக்கியது. பணக்கார நாட்டு வாடிக்கையாளர்களுக்கு அது எரிச்சல். எங்களுக்கு அது வேலை.

இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் பற்றி 2015 மார்ச் 27-இல் வெளியிட்ட கருத்துக்கேட்பு அறிக்கைக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மெயில்கள் குவிந்தன. நானும் ஒன்று அனுப்பினேன். பெரும்பாலும் நகரத்துப் பிள்ளைகள் அனுப்பியவை. அவர்களைப் பற்றி, தங்கள் சொகுசுக்காகக் கத்துகிறார்கள் என்றொரு பேச்சும் இருந்தது. எனக்கு அவர்கள் மேல் இன்றைக்கும் நன்றி உண்டு. 2016 பிப்ரவரி 8-இல் டிராய் உத்தரவு போட்டது: எந்தத் தளம், எந்த ஆப் என்று பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் வரை அபராதம். சில நாட்களில் ஃபேஸ்புக் அந்த இலவசத் திட்டத்தை இந்தியாவில் இருந்து எடுத்துக்கொண்டது. கடை அட்டையில் இருந்த வாட்ஸ்அப் பேக் வரியையும் கடைக்காரர் மை போட்டு அடித்தார்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும், அதைத் தொடர்ந்து எல்லாக் கம்பெனிகளும் விலை இறக்கியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. வரிசையில் நின்று சிம் வாங்கினோம். பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வடிவேலு காமெடி ஓடத் தொடங்கியது. கொத்தனார்களுக்கு லிங்க் அனுப்பினால் பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் வீடியோ காலிலேயே தரையைக் காட்டிக் கேட்டார்கள். ஆசிட் புகார் அநேகமாக நின்றே போனது.

அப்புறம் 2020. மார்ச் 25-இல் ஊரடங்கு. அதற்கு முந்தின நாளே வீடியோ கம்பெனிகள் கூடிப் பேசி, செல்போன் நெட்வொர்க்கில் 480பிக்கு மேல் தரம் கொடுப்பதில்லை என்று அறிவித்தன. நெட்வொர்க் தாங்காது என்று அதற்கு முன்பே தொலைத்தொடர்பு கம்பெனிகளின் சங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் வீட்டில் அடைந்திருந்த நேரம். சுமை கூடும் என்பது உண்மை. ஏப்ரல் 14 வரைதான் என்றார்கள். தேதி தாண்டியும் போனில் ஹெச்டி திரும்பவில்லை.

அக்கா மகள் அந்த வருடம் பத்தாம் வகுப்பு. மார்ச் 27-இல் தொடங்க வேண்டிய பொதுத்தேர்வு தள்ளிப்போய், ஜூன் 1 என்று சொல்லி, ஜூன் 15 என்று மாற்றி, கடைசியில் ஜூன் 9-இல் ரத்து என்று அறிவித்தார்கள். அதுவரை அந்தப் பிள்ளைகள் பரீட்சை உண்டு என்று நம்பித்தான் படித்தார்கள். அவளுடைய கணக்கு சார் வீட்டில் ஒரு கரும்பலகையை வைத்து, பாடத்தைப் பதிவு செய்து யூடியூபில் போட்டார். அவளிடம் இருந்தது என் பழைய போன். திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"சித்தி, இது மூணா, எட்டான்னு பாருங்க."

எக்ஸுக்கு மேலே சின்னதாக ஓர் அடுக்கு எண். சாக்பீஸ் கோடு வெள்ளைக் கட்டங்களாக உடைந்து நின்றது. நிறுத்திப் பார்த்தேன், வெயிலுக்கு மறைத்துப் பார்த்தேன். மூன்றாகவும் தெரிந்தது, எட்டாகவும் தெரிந்தது. தரத்தை ஏற்றலாம் என்று செட்டிங்ஸில் போனேன். 144, 240, 360, 480. அதோடு பட்டியல் முடிந்தது. முன்பு அதற்கு மேலே இருந்த 720-ஐக் காணவில்லை. டவர் அன்றைக்கு நன்றாகவே இருந்தது; டேட்டாவும் மிச்சம் இருந்தது.

சாருக்கு போன் போட்டுக் கேட்டோம். மூன்றாம். "எனக்கு இங்க லேப்டாப்ல நல்லாத் தெளிவாத் தெரியுதேம்மா" என்றார். அவர் சொன்னது சரி. கம்ப்யூட்டரில் பார்ப்பவர்கள் தரத்தைக் கையால் கூட்டிக்கொள்ள முடிந்தது. போனில் அந்த வழியையே எடுத்துவிட்டார்கள். வீட்டில் ஃபைபர் இணைப்பும் லேப்டாப்பும் இருந்த பிள்ளைக்கு அது மூன்று. போன் ஒன்றே திரையாக இருந்த பிள்ளைக்கு அது மூன்றோ எட்டோ. நெருக்கடியில் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் என்றால் முதல் ஆளாக நான் விட்டுக்கொடுப்பேன். இங்கே விட்டுக்கொடுத்தது ஒரு பக்கம் மட்டும்தான். பாட வீடியோவுக்காவது, கரும்பலகைக்காவது விலக்கு வைத்திருக்கலாமே என்று அன்று முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. டிராய் 2017 நவம்பரில் செய்த பரிந்துரையில் இதற்கு விடை இருக்கிறது. நெட்வொர்க்கைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தால், அது தேவைக்கு அளவாக, தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றார்கள். 2018 செப்டம்பரில் இந்தக் கொள்கை தொலைத்தொடர்பு உரிமத்திலேயே ஏறியது. ஆனால் அது தொலைத்தொடர்பு கம்பெனியைத்தான் கட்டும். தரத்தைக் குறைத்தது வீடியோ கம்பெனிகள். தாங்களாகவே குறைத்தோம் என்றார்கள். விதி ஒரு வாசலில் காவல் நின்றது, கட்டுப்பாடு இன்னொரு வாசல் வழியாக உள்ளே வந்தது.

இப்போது அக்கா மகள் காலேஜ் முடித்துவிட்டாள். பட்டறையில் இளவட்டங்கள் எல்லோரிடமும் நல்ல போன் இருக்கிறது, சிலரிடம் 5ஜி. 2024 ஜூலையில் விலை ஏறிய பிறகு பலர் நாளைக்கு 1 ஜிபி, ஒன்றரை ஜிபி பேக்குக்கு இறங்கிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது தீர்ந்துவிடும். தீர்ந்ததும் எவ்வளவு வேகம் என்று பேக் விவரத்தின் கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள்: 64 கேபிபிஎஸ். பத்து வருடத்துக்கு முன்னால் 198-இல் நான் முட்டிக்கொண்ட அதே 64. 2023 ஜனவரியில் அரசு, 2 எம்பிபிஎஸுக்குக் குறைந்தால் அதைப் பிராட்பேண்ட் என்றே சொல்லக் கூடாது என்று வரையறுத்தது. இந்த 64 அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. எழுத்து போகும், படம் மெல்ல வரும், யூடியூப் வராது. எந்த ஆப்பையும் தனியாகத் தடுக்கவில்லை என்பதால் இதில் எந்த விதியும் மீறப்படவில்லை. வீடியோ தானாகவே நின்றுவிடுகிறது.

2013-இல் அரசே 512 கேபிபிஎஸ்தான் பிராட்பேண்டுக்கு அடிமட்டம் என்று வைத்திருந்தது. பேக் தீர்ந்த பிறகு அந்தப் பழைய 512-ஐயாவது கொடுத்தால், சுமாரான தரத்தில் ஒரு வீடியோ நிற்காமல் ஓடும். சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடித்துக் கை கழுவிய பிறகுதான் எங்கள் ஆட்களுக்கு எதையாவது பார்க்க நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்துக்கு ஓடுகிற மாதிரி ஒரு வேகத்தை டிராய் கட்டாயமாக்க வேண்டும். அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது இதைத்தான் எழுதி அனுப்பப்போகிறேன். இந்த முறை பட்டறையில் இருக்கிற எல்லோருடைய கையெழுத்தோடும்.